இரத்தப் பரீட்சையும் 100-க்கு 99 என்னும் பேச்சும்

கர்ப்பமாயிருக்கும் பெண்ணின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பரீட்சித்து, அவள் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு டவுன் சிண்ட்ரோம் முதலிய குரோமோசோம் குறைகள் இருக்கக்கூடுமா என்று சொல்லும் ஒரு முறை சில வருஷங்களாக நமது நாட்டில் பரவி வருகின்றது. என்.ஐ.பி.டி. என்ற நான்கு இங்கிலீஷ் எழுத்துக்களால் வைத்தியர்கள் அதைக் குறிப்பிடுகின்றார்கள். சென்னை, மதுரை போன்ற பட்டணங்களில் மாத்திரம் இருந்துவந்த இந்தப் பேச்சு இப்போது சாத்தூர், சிவகாசி, விருதுநகர் பக்கங்களிலும் வந்துவிட்டது. இரத்தத்தை உள்ளூரில் எடுத்து வெளியூர்ப் பரீட்சை சாலைக்கு அனுப்பிவிட்டால், சில நாட்களில் ஒரு காகிதம் வந்து சேருகின்றது. அந்தக் காகிதத்திற்காகச் செலவாகும் பணமோ பல ஆயிரம் ரூபாய். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போய் நாள் கூலி வாங்கும் குடும்பத்திற்கு அது பல வாரத்துச் சம்பாத்தியமாகும்.

இந்தப் பரீட்சையை விற்கின்றவர்கள் வாயிலும், வாங்குகின்றவர்கள் வாயிலும் வருவது ஒரே வாக்கியந்தான். அதாவது, “இது 100-க்கு 99 சரி” என்பதாகும். இதைக் கேட்டவுடன் சிலர், “99 என்றால் அப்புறம் தப்புவதற்கு என்ன இருக்கின்றது? காகிதம் சொன்னால் சொன்னதுதான்” என்று முடிவு கட்டிவிடுகின்றார்கள். வேறு சிலர், “இதெல்லாம் காசு பறிக்கும் வித்தை” என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகின்றார்கள். நமது அபிப்பிராயம் என்னவென்றால், இந்த இரண்டு கூட்டத்தாருமே யோசிக்கவில்லை என்பதுதான். பரீட்சை மெய்யானது, நல்லது, விஞ்ஞானத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. ஆனால் 100-க்கு 99 என்ற பேச்சுக்கு ஜனங்கள் செய்துகொள்ளும் அர்த்தம் வேறு, அதன் உண்மையான அர்த்தம் வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள பேதம் தெரியாமற் போனால், ஒரு குறையும் இல்லாத சிசுவை ஒரு குடும்பம் தன் கையாலேயே இழந்துவிட நேரும். ஆகையால்தான் இந்த விஷயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

முதலாவது, குரோமோசோம் என்பது என்ன? நமது உடம்பிலுள்ள ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நூல் போன்ற நுண்ணிய பொருள்கள் 23 ஜோடி, ஆக 46 இருக்கின்றன. கண்ணின் நிறம், உடம்பின் அமைப்பு முதலிய பாரம்பரிய விஷயங்களெல்லாம் அவற்றில்தான் அடங்கியிருக்கின்றன. 46 என்ற இந்த எண்ணிக்கையையே 1956-ல்தான் சுவீடன் தேசத்தில் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இருவர் சரியாக எண்ணிச் சொன்னார்கள். அதற்கு முன் பெரிய பண்டிதர்களெல்லாம் 48 என்றே எழுதி வைத்திருந்தார்கள். தப்பு என்று தெரிந்தவுடன் திருத்திக்கொண்டார்கள். இப்படித் திருத்திக்கொள்வதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதையே ஒழிய, “முன்னோர் 48 என்று சொல்லிவிட்டார்கள், ஆதலால் 48-தான்” என்று சாதிப்பது அதன் வழக்கமல்ல.

சில சிசுக்களுக்கு 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிடுகின்றது. அதனால் உண்டாகும் நிலைமைக்குத்தான் டவுன் சிண்ட்ரோம் என்று பெயர். 1866-ல் இங்கிலாந்து வைத்தியர் ஜான் லாங்டன் டவுன் அதன் அடையாளங்களை விவரித்து எழுதினார். 1959-ல் பாரிஸ் நகரில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன் முதலியவர்கள் அதன் காரணம் ஒரு குரோமோசோம் அதிகமாயிருப்பதே என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி வளர்ச்சி மெதுவாக இருக்கும். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயத்தில் குறை இருக்கும். 18-ஆவது, 13-ஆவது குரோமோசோம்கள் மூன்றாவதும் உண்டு. அவை இன்னும் கடுமையானவை. அவற்றோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை ஒரு வருஷத்திற்கு மேல் தங்குவதில்லை.

இப்படி மூன்றாவது ஏன்? முட்டையோ விந்தோ உண்டாகும் சமயத்தில், ஜோடி ஜோடியாகப் பிரியவேண்டிய குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமற் போவதுதான் காரணம். பெரும்பாலும் தாயின் முட்டையிலும், சிற்சில சமயம் தகப்பனின் விந்திலும் இது நேருகின்றது. இதில் எவருடைய பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியில் வந்தாள், அரிவாள்மணையைத் தொட்டாள், அதனால் இப்படி ஆயிற்று என்று சொல்லுகின்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தவறு கரு உண்டாவதற்கு முன்போ, உண்டான முதல் நாட்களிலோ நடந்து முடிந்துவிடுகின்றது. கர்ப்பம் என்று வீட்டாருக்குத் தெரிகின்றபோது 46 என்பதும் 47 என்பதும் தீர்மானமாகிவிட்ட சங்கதி. அதற்குப் பிறகு வரும் கிரகணம் அதை எப்படி மாற்றும்? அரிவாள்மணை எப்படி மாற்றும்? ஆனாலும் பழி மாத்திரம் அந்தப் பெண் தலையில்தான் விழுகின்றது.

உறவுக்குள் கலியாணம் செய்வதால்தான் டவுன் சிண்ட்ரோம் வருகின்றது என்று படித்தவர்களிலேயே பலர் நினைக்கின்றார்கள். அதுவும் சரியல்ல. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி நமது தமிழ்நாட்டில் 100-க்கு 28 கலியாணங்கள் உறவுக்குள்ளேயே நடந்தவை, இந்தியாவிலேயே அதிகம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கொண்டு கொடுப்பதனால் சில பரம்பரை வியாதிகளும், பிறவிச் செவிடு முதலியவைகளும் அதிகமாகின்றன என்பது உண்மை. அதை நாம் ஆதரிக்கவுமில்லை. ஆனால் அந்த வியாதிகள் வேறு இனம். குரோமோசோம் எண்ணிக்கைக் குறை வேறு இனம். இந்தப் பரீட்சை எண்ணிக்கைக் குறையைத் தேடுவது. அக்காள் மகளைக் கட்டியவன், “பரீட்சையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, இனி உறவுக் கலியாணத்தால் பயமில்லை” என்று நினைத்தால், தேங்காய் நன்றாயிருக்கின்றதா என்று மாங்காயைத் தட்டிப் பார்த்தவன் கதையாகத்தான் முடியும்.

நிற்க, தாயின் இரத்தத்தில் சிசுவைப் பற்றி எப்படித் தெரிகின்றது? 1997-ல் டென்னிஸ் லோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், கர்ப்பிணியின் இரத்தத்தில் கருவைச் சேர்ந்த டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று கண்டு வெளியிட்டார்கள். குரோமோசோம்கள் டி.என்.ஏ. என்ற பொருளால் ஆனவை. சுமார் 10 வாரத்துக் கர்ப்பத்திலிருந்து, தாயின் இரத்தத்திலுள்ள தனித் துணுக்குகளில் ஏறக்குறைய 10-ல் ஒரு பங்கு கருவைச் சேர்ந்ததாக இருக்கும். அந்தத் துணுக்குகளை இலட்சக்கணக்கில் எண்ணி, 21-ஆவது குரோமோசோமைச் சேர்ந்தவை இருக்கவேண்டிய அளவுக்கு மேல் இருக்கின்றனவா என்று இயந்திரம் கணக்குப் பார்க்கின்றது. 2011 முதல் இது வியாபாரத்திற்கு வந்தது.

இதில் நுட்பமான ஒரு விஷயம் இருக்கின்றது. அந்தத் துணுக்குகள் சிசுவின் உடம்பிலிருந்து வருவன அல்ல, நஞ்சுக்கொடியிலிருந்து வருவன. நஞ்சுக்கொடியும் சிசுவும் ஒரே கருவிலிருந்து உண்டானபடியால் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எப்போதும் அல்ல. நஞ்சுக்கொடியில் மாத்திரம் 47 இருந்து, சிசுவில் 46 இருப்பதுண்டு. அப்போது காகிதம் “குறை உண்டு” என்று சொல்லும், பிள்ளையோ சுகமாயிருக்கும். இரட்டையாய்த் தரித்து ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோனால், கரைந்த கருவின் துணுக்குகள் கணக்கைக் கெடுக்கும். தாய்க்கே தெரியாமல் அவள் உடம்பில் புற்றுநோய் இருந்தாலும் கணக்குக் குழம்பும். அமெரிக்காவில் இந்த மாதிரி விபரீதமான முடிவு வந்த 107 பெண்களைச் சோதித்துப் பார்த்ததில் 52 பேருக்குப் புற்றுநோய் இருந்ததாக 2024-ல் வெளியிட்டார்கள். ஆதலால் இயந்திரம் பொய் சொல்லுகின்றது என்பதல்ல. தன் முன்னே வைத்த இரத்தத்தைப் பற்றி மெய்யைத்தான் சொல்லுகின்றது. அந்த மெய் சிசுவைப் பற்றியதுதானா என்பதே கேள்வி.

இனி 100-க்கு 99 என்ற கணக்குக்கு வருவோம். தொழிலாளத் தோழர்களுக்கு விளங்கும்படி நமது ஊர்ச் சரக்கைக் கொண்டே சொல்லுகின்றோம்.

ஒரு தீப்பெட்டி ஆபீசில் 10,000 பெட்டிகள் அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 8 பெட்டிகளில் மாத்திரம் குச்சி நமத்துப் போயிருக்கின்றது. பெட்டியைப் பிரிக்காமலே கையில் வாங்கிப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல ஒரு கெட்டிக்காரன் வருகின்றான். நமத்த பெட்டி 100 கொடுத்தால் 99-ஐக் கண்டுபிடித்துவிடுவான். நல்ல பெட்டி 1,000 கொடுத்தால் ஒன்றை மாத்திரம் தவறாக “நமத்தது” என்று ஒதுக்கிவிடுவான். இவனைக் கெட்டிக்காரன் அல்ல என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த 10,000 பெட்டியையும் அவன் பார்த்து முடித்தபின் ஒதுக்கி வைத்த குவியலைப் பாருங்கள். நமத்த 8-ம் அதில் இருக்கும். நல்ல பெட்டிகள் 9,992-ல், ஆயிரத்துக்கு ஒன்று வீதம் தவறாக ஒதுக்கிய 10-ம் அதில் இருக்கும். ஆக 18. அந்தப் 18-ல் உண்மையாகவே நமத்தவை 8-தான். பாதிக்கும் குறைவு! 100-க்கு 99 எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. நமத்த பெட்டிகளில் எத்தனையைக் கண்டுபிடிப்பான் என்பதற்குப் பதில் 99. அவன் ஒதுக்கிய பெட்டிகளில் எத்தனை மெய்யாய் நமத்தவை என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உரிய பதிலை இரண்டாவது கேள்விக்குச் சொல்லுவதுதான் இந்த வியாபாரத்தில் நடக்கும் குழப்பமெல்லாம். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுகின்ற பெண்ணுக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்குரிய பதில். அவளுக்குச் சொல்லப்படுவதோ முதல் கேள்விக்குரிய பதில்.

மேலே சொன்ன 10,000-க்கு 8 என்பது நாம் விளையாட்டாகப் போட்ட எண்ணல்ல. 25 வயதுத் தாய்க்கு டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பிறக்கும் சந்தர்ப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது சுமார் 1,250-க்கு ஒன்று. 35 வயதில் அது சுமார் 350-க்கு ஒன்று. 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்று. இப்போது அதே கெட்டிக்காரனை 40 வயதுத் தாய்மார் 10,000 பேரிடம் அனுப்புங்கள். குறையுள்ள கர்ப்பம் 100-ல் 99-ஐக் கண்டுபிடிப்பான். மற்ற 9,900-ல் சுமார் 10-ஐத் தவறாகச் சொல்லுவான். ஆக 109-ல் 99 சரி, 100-க்கு 91. பரீட்சை ஒன்றேதான், இயந்திரம் ஒன்றேதான், காகிதத்திலுள்ள எழுத்தும் ஒன்றேதான். ஆனால் 40 வயதுப் பெண்ணுக்கு அதன் பொருள் “பெரும்பாலும் உண்மை”. 25 வயதுப் பெண்ணுக்கு அதன் பொருள் “உண்மையாயிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்”. நமது பக்கத்தில் பிள்ளை பெறுகின்றவர்கள் பெரும்பாலும் 20-லிருந்து 30 வயதுக்குட்பட்ட பெண்கள்தான் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா என்று சிலர் கேட்கலாம். அல்ல. 2015-ல் பல தேசத்து 35 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியாயிற்று. 15,841 கர்ப்பிணிகளின் முடிவுகளை அதில் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 38 பேருக்கு டவுன் சிண்ட்ரோம் கர்ப்பம். டி.என்.ஏ. பரீட்சை அந்த 38-ஐயும் விடாமல் பிடித்தது. தவறாகச் சொன்னது 9 பேரை. ஆக 47-ல் 38 உண்மை, 100-க்கு 81. அதே பெண்களுக்குப் பழைய முறைப்படி, அதாவது 11 முதல் 13 வாரங்களில் ஸ்கேனில் சிசுவின் கழுத்துக்குப் பின்னுள்ள நீரை அளந்து, டபுள் மார்க்கர் என்னும் இரத்தப் பரீட்சையையும் சேர்த்துப் பார்த்ததில், 38-ல் 30-தான் பிடிபட்டது; தவறாகப் பயமுறுத்தப்பட்டவர்களோ 854 பேர். அதாவது பழைய முறையில் “சந்தேகம்” என்று சொல்லப்பட்ட 100 பேரில் ஏறக்குறைய 97 பேருக்குச் சிசு டவுன் சிண்ட்ரோம் இல்லாமலே இருந்தது! அந்த ஆராய்ச்சிக்குப் பரீட்சை விற்கும் கம்பெனியின் பணமும் உதவியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

இதிலிருந்து இரண்டு சங்கதிகள் விளங்குகின்றன. ஒன்று, புதிய பரீட்சை பழையதைவிடப் பல மடங்கு மேலானது. அதைக் குறை கூறுவது அறிவீனம். இரண்டு, அவ்வளவு மேலானதுங்கூட 47 பேரில் 9 பேரை வீணாகக் கலங்கடித்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் டபுள் மார்க்கர் பார்த்து “ரிஸ்க் அதிகம்” என்று வந்தவுடனே வீட்டில் ஒப்பாரி வைக்கின்றவர்கள் 854 என்ற அந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

வியாபாரிகள் இத்தோடு நின்றார்களா என்றால், இல்லை. டவுன் சிண்ட்ரோம் பரீட்சை நன்றாக விலை போனவுடன், குரோமோசோமில் ஒரு சிறு துண்டு குறைந்திருப்பதால் வரும் அபூர்வமான வியாதிகளையும் கண்டுபிடிக்கின்றோம் என்று சேர்த்து விற்க ஆரம்பித்தார்கள். பல ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்று வருபவை அவை. 10,000 பெட்டியில் ஒன்றோ இரண்டோ நமத்திருந்தால் நம் கெட்டிக்காரனின் குவியல் எப்படி இருக்கும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை ஆராய்ந்து, இம்மாதிரி ஐந்து அபூர்வ வியாதிகளுக்கு “உண்டு” என்று வந்த முடிவுகளில் 100-க்கு 85 தவறாயிருந்தன என்று வெளியிட்டது. அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்க சர்க்காரின் மருந்து நிர்வாக இலாகாவும், இந்தப் பரீட்சைகளை மாத்திரம் நம்பிக் கர்ப்பத்தைப் பற்றி முடிவு செய்யக்கூடாது என்று எச்சரிக்கை விட்டது. நமது ஊரில் “முழுப் பாக்கேஜ்” என்று அதிக விலைக்குச் சொல்லும்போது, அந்த அதிகத்தில் என்ன அடங்கியிருக்கின்றது என்று கேட்டுவிட்டுத்தான் மடியை அவிழ்க்க வேண்டும்.

“குறை இல்லை” என்று வந்தால்? அது பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் அது நம்பத்தக்கது எதைப் பற்றி என்பதை அறிய வேண்டும். அந்த இரண்டு மூன்று குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பற்றித்தானேயொழிய, பிள்ளை எல்லா விதத்திலும் ஆரோக்கியமாய்ப் பிறக்கும் என்பதைப் பற்றியல்ல. முதுகெலும்பு மூடாமற் போவது, உதடு பிளந்திருப்பது, குரோமோசோம் சரியாயிருந்தும் இருதயம் பழுதாயிருப்பது, பிறவிச் செவிடு இவையொன்றும் இதில் தெரியா. இவற்றில் சிலதைக் காட்டுவது 18-லிருந்து 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன்தான். பல ஆயிரம் கொடுத்து இரத்தப் பரீட்சை செய்தாயிற்று என்று அந்த ஸ்கேனை விட்டுவிடுகின்றவன் பணத்தையும் கொடுத்து ஏமாற்றத்தையும் வாங்கிக்கொள்ளுகின்றான். இன்னொன்று, சில சமயம் “முடிவு சொல்ல முடியவில்லை” என்றும் காகிதம் வரும். அதைச் சும்மா விட்டுவிடக்கூடாது. மேற்சொன்ன ஆராய்ச்சியில் 488 பேருக்கு முடிவு வரவில்லை. அவர்களில் 13 பேருக்குக் குரோமோசோம் குறை இருந்தது.

ஆகவே நாம் சொல்லுவது என்னவென்றால், இது சல்லடையேயொழியத் தராசல்ல. சல்லடையில் நின்றதையெல்லாம் கல் என்று வீசியெறிகின்ற குடித்தனக்காரி எவளும் இல்லை. கையில் எடுத்துப் பார்த்துத்தான் எறிவாள். அப்படிக் கையில் எடுத்துப் பார்க்கும் பரீட்சை இதற்கும் இருக்கின்றது. வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, சிசுவைச் சுற்றியுள்ள பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள சிசுவின் உயிரணுக்களிலேயே குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பதுதான் அது. 15 வாரம் முடிந்த பிறகு செய்யப்படும். இதுதான் தீர்ப்புச் சொல்லும் பரீட்சை. ஊசி போடுவதால் கர்ப்பம் கலைந்துவிடுமே என்ற பயம் முழுவதும் பொய்யல்ல. ஆனால் பழகிய கையில் செய்தால் அந்த அபாயம் 1,000-க்கு ஒன்றிலிருந்து மூன்றுக்குள்தான் என்று இப்போதைய கணக்குகள் காட்டுகின்றன. “உண்டு” என்று வந்த காகிதம் பாதி தவறாயிருக்கக்கூடிய இடத்தில், இந்தச் சிறிய அபாயத்திற்குப் பயந்து, ஊர்ஜிதம் செய்யாமலே கர்ப்பத்தை முழுவதும் கலைத்துவிடுவது எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்கின்றோம்.

“நாள் கடந்துவிடுமே, சட்டம் விடாதே” என்று அவசரப்படுத்துகின்றவர்களும் உண்டு. கர்ப்பச் சிதைவுச் சட்டம் 1971-ல் ஏற்பட்டு 2021-ல் திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரையில் ஒரு வைத்தியரின் அபிப்பிராயம் போதும். 20-லிருந்து 24 வாரம் வரையில், சிசுவுக்குக் கடுமையான குறை உள்ளவர்கள் முதலிய சில வகுப்பினருக்கு, இரண்டு வைத்தியர்களின் அபிப்பிராயம் வேண்டும். அதற்கு மேலும், சிசுவுக்குப் பெருங்குறை இருப்பதாக வைத்திய போர்டு கண்டால் வழியிருக்கின்றது. 10, 11 வாரத்தில் இரத்தம் கொடுத்தவள் 16 வாரத்தில் பனிக்குட நீர்ப் பரீட்சை செய்துகொண்டு முடிவு தெரிந்துகொள்ள நாள் தாராளமாயிருக்கின்றது. மூன்று நாளில் முடிவு செய் என்று நெருக்குகின்றவன், சட்டத்தைச் சொல்லித் தன் சௌகரியத்தைப் பார்க்கின்றவனேயாவான்.

இந்தச் சட்டத்தில் நமது ஜனங்கள் அறியாத சங்கதி ஒன்றுண்டு. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே அதற்குப் போதும். புருஷன் சம்மதம் வேண்டுமென்றோ, மாமியார் சம்மதம் வேண்டுமென்றோ சட்டம் கேட்கவில்லை. அவர்கள் சொன்னதற்காக அவள் கலைத்தே தீரவேண்டுமென்றும் சட்டம் சொல்லவில்லை. சுமக்கின்றவள் அவள், பெறுகின்றவள் அவள், வளர்க்கின்றவளும் அவளேதான். அப்படியிருக்க, காகிதம் வந்த அன்று வீட்டிலுள்ள ஆண்கள் எல்லோரும் திண்ணையில் கூடி முடிவு செய்துவிட்டு, உள்ளே போய் அவளுக்குச் செய்தி சொல்லுவது என்ன நியாயம்? பரீட்சை செய்துகொள்ளவும், வேண்டாமென்று மறுக்கவும், முடிவு தெரிந்தபின் பெறவும், பெறாமலிருக்கவும் அவளுக்கே உரிமை. மற்றவர்கள் செய்யக்கூடிய உதவி, அவளுக்குக் கணக்கைச் சரியாக எடுத்துச் சொல்லுவதுதான்.

இந்த இடத்தில் நமது தேசத்துப் பழைய கதை ஒன்றையும் மறந்துவிடக்கூடாது. பனிக்குட நீர்ப் பரீட்சை 1970-களின் மத்தியில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் குரோமோசோம் குறைகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே கொண்டுவரப்பட்டது. நம்மவர்கள் அதை எதற்கு உபயோகித்தார்கள்? ஆணா பெண்ணா என்று பார்த்து, பெண்ணாயிருந்தால் கலைப்பதற்கு! சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அதை நிறுத்தினால் தனியார் ஆஸ்பத்திரிகளில் கடை விரித்தார்கள். 1988-ல் மகாராஷ்டிரத்திலும், 1994-ல் இந்தியா முழுமைக்கும் தடைச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. 2003-ல் அதை இன்னும் இறுக்க வேண்டியதாயிற்று. நமக்கு வடக்கே உசிலம்பட்டியில் பிறந்த பெண் சிசுவுக்கே கள்ளிப்பால் கொடுத்த அவமானமும், 1992-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்படுத்த நேர்ந்த கேவலமும் தெரிந்ததுதான். 2011 ஜனக்கணக்கில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் 1,000-க்குப் பெண் பிள்ளைகள் 943-தான். இந்தப் புதிய இரத்தப் பரீட்சையும் சிசு ஆணா பெண்ணா என்பதை அறியும் சக்தி உடையது. அதைச் சொல்லுவதும் கேட்பதும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை உண்டு. “வெளிநாட்டில் சொல்லுகின்றார்களாமே, நமக்கும் கேட்டுச் சொல்லுங்கள்” என்று தரகரைத் தேடுகின்றவர்கள், தாங்கள் தேடுவது விஞ்ஞானத்தையல்ல, பழைய கள்ளிப்பாலைத்தான் என்பதை உணர வேண்டும்.

கடைசியாக, தீர்ப்புப் பரீட்சையிலும் டவுன் சிண்ட்ரோம் என்று ஊர்ஜிதமாகி, அந்தப் பெண் பெற்றுக்கொள்ளுகின்றேன் என்று முடிவு செய்தால், அல்லது பரீட்சையே இல்லாமல் அப்படி ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், நமது கடமை என்ன? அந்தப் பிள்ளை தெய்வ தண்டனையுமல்ல, தெய்வக் குழந்தையுமல்ல, மனிதப் பிள்ளை. நல்ல வைத்திய வசதியுள்ள தேசங்களில் இப்படிப்பட்டவர்கள் இப்போது 60 வயது வரை ஜீவிக்கின்றார்கள்; 1980-களின் தொடக்கத்தில் அது 25 வயதாகத்தான் இருந்தது. அந்த 35 வருஷத்தை எந்தப் பிரார்த்தனையும் கொடுக்கவில்லை. இருதய அறுவைச் சிகிச்சையும், படிப்பும், பிள்ளையைக் கொட்டடியில் போட்டு அடைக்காமல் மனிதர்களோடு பழகவிட்டதுமே கொடுத்தன. 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தில் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கண்டு உதவி செய்யவேண்டுமென்றும், அதற்கு மாவட்டந்தோறும் ஒரு நிலையம் வேண்டுமென்றும் ஏற்பாடிருக்கின்றது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டிருக்கின்றது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் அப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உரிமை கொடுத்திருக்கின்றது. இவற்றைக் கேட்டு வாங்க வேண்டியதுதான் குறை. கேட்காமல் வீட்டுக்குள் ஒளித்து வைப்பதற்குக் காரணம் பிள்ளையின் குறையல்ல, ஊரார் வாய்க்குப் பயந்த நமது கோழைத்தனமேயாகும். “அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை” என்று சொல்லி அக்காள் கலியாணத்தைத் தட்டிவிடும் மாபாதகர்கள் நம்மிடையே இருக்கும் வரையில், எந்தத் தாயும் தன் மனதாரச் சுதந்திரமாக முடிவு செய்தாள் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

தோழர்களே! ஜோசியன் சொன்னதைக் கேள்வியில்லாமல் நம்பாதீர்கள் என்று சொல்லிவந்த நாம், கம்பெனிக் காகிதம் சொன்னதை மாத்திரம் கேள்வியில்லாமல் நம்புங்கள் என்று சொல்லமாட்டோம். ஜோசியனிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளுவான். விஞ்ஞானத்தினிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆகையால், இந்தப் பரீட்சையைச் செய்துகொள்ளச் சொன்னால் வைத்தியரிடம் தைரியமாகக் கேளுங்கள்: இது எந்தக் குரோமோசோம்களைப் பார்க்கின்றது? “உண்டு” என்று வந்தால், என் வயதுக்கு அது உண்மையாயிருக்க 100-க்கு எத்தனை சந்தர்ப்பம்? ஊர்ஜிதம் செய்யும் பரீட்சை எங்கே, எத்தனையாவது வாரத்தில்? இதற்குப் பின்னும் எந்த ஸ்கேன் செய்ய வேண்டும்? நல்ல வைத்தியர்கள் இந்த நான்குக்கும் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார்கள். நான்குக்கும் “100-க்கு 99” என்ற ஒரே பதிலைச் சொல்லுகின்றவரிடம் பணத்தைக் கொடுக்குமுன் இன்னொருவரைப் போய்ப் பாருங்கள். காகிதம் எதைச் சொன்னாலும், தீர்ப்புப் பரீட்சை முடிவதற்கு முன் மீள முடியாத காரியம் எதையும் செய்யாதீர்கள் என்றும், முடிவு செய்யும் உரிமையைச் சுமக்கின்றவளிடமே விடுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளுகின்றோம்.